சாம்பிராணி, கொசுவர்த்தி, ஜி.எஸ்.டி. சாலை

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் மின்ரயிலில், தாம்பரத்துக்கு முந்தின நிலையத்துக்கு ஒரு மருத்துவமனையின் பெயர்: தாம்பரம் சானடோரியம். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது. அதற்கு முன் அவர் இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் இதேபோன்ற ஒரு சானடோரியத்தை நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் சில காலம் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றிருக்கிறார். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவ்வளவுதான் வைத்தியம். பட்டணத்து நெரிசலிலிருந்து விலகிய நிலத்தை அவர் தேடிப் பிடித்தது அதற்காகத்தான். 1937-ல் அரசு அந்த மருத்துவமனையை எடுத்துக்கொண்டது.

பிறகு மாத்திரைகள் வந்தன. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும் மறு பகுதியினரை அவரவர் நெரிசலான வீட்டிலேயே விட்டும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959-ல் முடிவு வெளியானபோது, இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். மலைக்காற்றும் படுக்கையும் கூடுதலாக எதுவும் செய்துவிடவில்லை. உலகமெங்கும் சானடோரியங்கள் காலியானதில் இந்தச் சென்னை ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

நல்ல காற்றின் மீதிருந்த நம்பிக்கை, நோயைத் தீர்க்கும் இடத்தில் இப்படித் தோற்றது. நுரையீரல் வளரும் இடத்தில் அது தோற்கவில்லை. அதே ரயிலில் வண்டலூர், ஊரப்பாக்கம் தாண்டி கூடுவாஞ்சேரியில் இறங்கி, பள்ளி விடும் நேரத்தில், சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலை ஓரம் நின்று பார்த்தால், வளர்ந்துகொண்டிருக்கும் நுரையீரல்கள் ஆயிரக்கணக்கில் புத்தகப் பையோடு கடந்து போகும். இந்த அத்தியாயம் அவற்றைப் பற்றியது.

மற்ற உறுப்புகளோடு ஒப்பிட்டால் நுரையீரல் பாதி வேலை முடிந்த நிலையில்தான் பிறக்கிறது. காற்றும் ரத்தமும் கைமாற்றிக்கொள்ளும் நுண்ணறைகள் பிறந்த குழந்தையிடம் சில கோடிதான் இருக்கும். வளர்ந்தவரிடம் சராசரியாக 48 கோடி. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளோடு புதிய அறைகள் உருவாவது நின்றுவிடும், பிறகு இருப்பவை பெரிதாவது மட்டுமே என்று பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 2012-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகர ஆய்வாளர்கள் 7 முதல் 21 வயது வரையுள்ளவர்களை ஹீலியம் வாயுவை இழுக்கவைத்து, ஸ்கேன் கருவியில் அறைகளின் அளவைக் கணித்தார்கள். உடல் வளர்ந்த அளவுக்கு அறைகள் பெரிதாகியிருக்கவில்லை. அப்படியென்றால் எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்திருக்க வேண்டும். மீசை அரும்பும் வயதிலும் நுரையீரல் கட்டுமானம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்த வளர்ச்சியை ஸ்பைரோமீட்டர் என்னும் ஊதுகருவியால் அளக்கலாம். ஆழமாக மூச்சிழுத்து, முழு வேகத்தில் ஊதி, முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியேறியது என்று பார்ப்பார்கள். அந்த அளவு பெண்களுக்குப் பதினேழு பதினெட்டு வாக்கிலும் ஆண்களுக்கு இருபதைத் தாண்டியும் உச்சத்தைத் தொட்டு, சில காலம் நின்று, பிறகு இறங்கத் தொடங்கும். இறக்கம் எல்லோருக்கும் உண்டு. எந்த உயரத்திலிருந்து இறங்கத் தொடங்குகிறோம் என்பதில்தான் வித்தியாசம். பீட்டர் லாங்கே என்ற டேனிஷ் மருத்துவரும் கூட்டாளிகளும் 2015-ல் வெளியிட்ட ஆய்வு, நாற்பது வயதுக்கு முன்பே ஊதும் திறன் எதிர்பார்க்கும் அளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தவர்களைச் சுமார் 22 ஆண்டுகள் தொடர்ந்தது. அவர்களில் 26 விழுக்காட்டினருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வந்தது. நல்ல திறனோடு தொடங்கியவர்களில் 7 விழுக்காட்டினருக்கு மட்டுமே வந்தது. சிகரெட் பிடிக்கும் கிழவர்களின் நோய் என்று நாம் நினைப்பதில் ஏறக்குறைய பாதி, இளமையிலேயே சிறிதாக நின்றுபோன நுரையீரலிலிருந்து வருகிறது.

ஆகவே பிள்ளையின் மூச்சைப் பற்றி வீட்டார் கவலைப்படுவது நியாயமானது. எதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு.

நம் வீடுகளில் சளிக்கென்று ஒரு தண்டனைச் சட்டம் இருக்கிறது. ஆரஞ்சு கூடாது, கொய்யா கூடாது, வாழைப்பழம் மாலைக்கு மேல் கூடவே கூடாது. ராத்திரியில் தயிர் கூடாது. மார்கழியில் காதை மூடாமல் வாசலுக்குப் போகக் கூடாது. தலையில் மழை பட்டால் முடிந்தது கதை. இந்தச் சட்டத்தின் காவலர் பெரும்பாலும் ஆயா. அவரிடம் யாரும் வாதாட முடியாது. ஆனால் சளியைத் தருவது வைரஸ். அது பக்கத்துப் பெஞ்சுப் பையனிடமிருந்து வருகிறது, ஆரஞ்சுப் பழத்திலிருந்து அல்ல. 2013-ல் வெளியான ஐசாக் என்ற பன்னாட்டு ஆய்வு, 51 நாடுகளில் 13, 14 வயதுப் பிள்ளைகள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டது. வாரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ பாஸ்ட் ஃபுட் சாப்பிட்ட பதின்பருவத்தினரிடம் கடும் ஆஸ்துமா 39 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. வாரம் மூன்று முறையாவது பழம் சாப்பிட்டவர்களிடம் 11 விழுக்காடு குறைவு. கேள்வித்தாளில் பர்கர்தான் இருந்தது, நம் தெருமுனை ஃப்ரைட் ரைஸும் சில்லி சிக்கனும் அதில் இல்லை. பர்கர் தின்கிற வீட்டின் மற்ற பழக்கங்களும் இந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கலாம். இப்படிப்பட்ட ஆய்வு தொடர்பைக் காட்டுமே தவிர, காரணத்தை நிரூபிக்காது. அப்படியே வைத்துக்கொண்டாலும், சட்டம் தடுத்த பழம் குற்றவாளிப் பட்டியலில் இல்லை.

சட்டம் அனுமதிப்பது எது என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும். குழந்தை பிறந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கிய நாளிலிருந்து, குளித்ததும் தணலில் சாம்பிராணியைத் தூவி அந்தப் புகையின் மேல் குழந்தையைக் காட்டுவது நம் வழக்கம். சளி பிடிக்காமல் இருக்க, தலை ஈரம் காய, திருஷ்டி கழிய என்று அதற்குக் காரணங்கள் மூன்று. இப்போது தணலுக்கு ஆள் இல்லை. கம்ப்யூட்டர் சாம்பிராணியும் கப் சாம்பிராணியும் வந்துவிட்டன. செவ்வாய், வெள்ளியில் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு வீடு முழுக்கப் போடுகிறார்கள். மணம் அருமையாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எரியும் எதுவும் நுண்துகளைத் தரும். ஊதுவத்தி ஒரு கிராம் எரிந்தால் சராசரியாக 45 மில்லிகிராம் துகள் வருகிறது என்று 2008-ல் தைவான், அமெரிக்க ஆய்வாளர்கள் தொகுத்த ஒரு கட்டுரை சொல்கிறது. சிகரெட்டில் அது ஒரு கிராமுக்குச் சுமார் 10 மில்லிகிராம். பாட்டி பேரனைச் சாம்பிராணிப் புகையில் காட்டுகிறார். அதே பாட்டி, தாத்தா பீடியோடு தொட்டில் பக்கம் வந்தால் விரட்டுகிறார். இரண்டாவதில் அவர் செய்வது மிகச் சரி.

சாம்பிராணி வாரத்துக்கு இரண்டு நாள். கொசுவர்த்தி தினமும், இரவு முழுக்க. கூடுவாஞ்சேரிக்குக் கொசு எங்கிருந்து வருகிறது என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நந்திவரம் ஏரியின் உபரி நீர் ஓடிய தாழ்நிலங்களில் மனைப்பிரிவுகள் எழுந்து, வடகிழக்குப் பருவமழையில் தெருக்கள் குளமாகின்றன. தண்ணீர் வடிந்ததும் கொசு. எழுதப் படிக்க உட்காரும் பிள்ளையின் காலடியில், மேசைக்குக் கீழே, பச்சைச் சுருள் ஒன்று புகைந்துகொண்டிருக்கும். 2003-ல் வெளியான ஒரு ஆய்வு, சீன, மலேசியச் சுருள்களை எரித்து அளந்தது. ஒரு சுருள் முழுதும் எரியும்போது வெளிவரும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட் வரை எரிந்தால் வரும் எடைக்குச் சமம். ஃபார்மால்டிஹைடு என்ற எரிச்சலூட்டும் வாயு 51 சிகரெட் அளவு வரைக்கும்.

இந்த எண்ணைக் கேட்டதும் "அப்படியென்றால் என் பையன் ராத்திரிக்கு நூறு சிகரெட் பிடித்தானா" என்று பதறிவிடக் கூடாது. சிகரெட்டை இழுப்பவர் புகையை நேராக நெஞ்சுக்குள் வாங்குகிறார், சுருளின் புகையோ அறை முழுக்கப் பரவி நீர்த்துப்போகிறது. புகையிலையின் நிகோடினும் அதில் இல்லை. ஆனால் பத்துக்குப் பத்து அறை, சாத்திய ஜன்னல், எட்டு மணி நேரம், ஒரே காற்றை மூச்சிழுக்கும் மூன்று நான்கு பேர். நீர்த்துப்போக எவ்வளவு இடம் இருக்கிறது? டெங்கு இருக்கும் ஊரில் கொசுவை விட்டுவிடச் சொல்லவும் முடியாது. ஜன்னலுக்கு வலை, கட்டிலுக்குக் கொசுவலை: ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்தவை. புழுக்கம் என்று கழற்றி எறிந்தோம்.

இவ்வளவு படித்தபின், புகையை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு கட்டத் தோன்றும். அந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அடுப்புப் புகையைப் பற்றி உலகத்தின் பெரிய பரிசோதனைகளில் ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் இங்கே முன்னின்று நடத்திய ஹேப்பின் ஆய்வு அது. விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலுமாக 3200 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் தொடர்ந்து சிலிண்டரும் இலவசம், மறுபாதியினர் விறகடுப்பிலேயே தொடர்ந்தார்கள். எரிவாயு வீடுகளில் தாய்மார்கள் சுவாசித்த நுண்துகள் வெகுவாகக் குறைந்தது. அந்த மட்டும் வெற்றி. ஆனால் 2022-ல் வந்த முடிவின்படி குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2024-ல் வந்த முடிவின்படி முதல் வயதில் கடும் நிமோனியாவும் குறையவில்லை.

விறகுப் புகை நல்லது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. தாயின் வயிற்றில் சில மாதமும் பிறந்தபின் ஓராண்டும் மட்டுமே பார்த்த ஆய்வு இது. பதினெட்டு வயதில் அந்தக் குழந்தை எவ்வளவு ஊதும் என்பது வேறு கேள்வி. ஆனாலும் இந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. எதிர்பார்த்தது வராதபோது அதை மறைக்காமல் அச்சிட்ட ஆய்வாளர்களால்தான், மற்ற எண்களையும் நம்பிப் பேச முடிகிறது.

இனி ஓட்டத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் கோபம் வரும் பழக்கம் இங்கேதான் இருக்கிறது. ஒரு முறை வீசிங் வந்து நெபுலைசர் வைத்துக்கொண்ட பிள்ளையை அதன்பின் யாரும் ஓட விடுவதில்லை. "டேய், ஓடாதடா, இளைப்பு வந்துடும்." பள்ளியில் பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார ஒரு கடிதம். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடையே கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வார், அப்போது கடிதமும் தேவைப்படாது. மாலையில் டியூஷன், ஞாயிறு நீட் பயிற்சி. உலகில் 11 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 80 விழுக்காட்டினருக்கும் மேல், நாளுக்கு ஒரு மணி நேரம் என்ற உடலுழைப்பு அளவை எட்டவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. நாம் மட்டும் தனியாக இல்லை என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம்.

ஓடினால் சிலருக்கு இளைப்பது உண்மை. வேகமாக மூச்சு வாங்கும்போது மூக்கின் வழியாக வந்து ஈரமாக வேண்டிய காற்று, வாய் வழியாக உலர்ந்தபடியே உள்ளே போகிறது. மூச்சுக்குழாயின் உட்பூச்சிலிருந்து ஈரத்தை அது உறிஞ்சுகிறது. அதில் எரிச்சலடையும் குழாய் சுருங்குகிறது. இதற்கு மருந்து உட்கார்ந்திருப்பது அல்ல. மெதுவாகத் தொடங்கி உடலைச் சூடாக்கிக்கொள்வதும், மருத்துவர் சொன்னபடி முன்கூட்டியே இன்ஹேலர் எடுத்துக்கொள்வதும்தான். பிரிட்டனின் பாலா ராட்க்ளிஃபுக்கு 14 வயதில் ஓடினால் வரும் ஆஸ்துமா என்று கண்டறிந்தார்கள். 2003-ல் லண்டனில் அவர் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் ஓடி உலக சாதனை படைத்தார். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்த 21 சோதனைகளை 2013-ல் காக்ரேன் குழு ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. பயிற்சி நோயைக் கூட்டவில்லை, உடலின் தாங்குதிறன் உயர்ந்தது.

உட்கார்ந்திருப்பதே குழாயைக் கெடுக்குமா? கெடுக்கலாம் என்று நினைக்கக் காரணம் உண்டு. 1995-ல் பால்டிமோரில் ஒரு விநோதமான சோதனை செய்தார்கள். ஆரோக்கியமானவர்களிடம், கொஞ்ச நேரம் ஆழமாக மூச்சிழுக்காமல் இருங்கள் என்று சொல்லிவிட்டு, குழாயைச் சுருக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். அவர்களுடைய குழாய்களும் ஆஸ்துமாக்காரரின் குழாய்கள் போலச் சுருங்கின. நாம் அறியாமல் அவ்வப்போது விடும் பெருமூச்சு குழாயின் தசையை இழுத்து நெகிழ்த்துகிறது, அது இல்லாவிட்டால் தசை இறுகுகிறது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பகுதிக் குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வில், மூன்றேகால் வயதில் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் டிவி பார்த்தவர்களுக்குப் பதினொன்றரை வயதுக்குள் ஆஸ்துமா வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. அதை எழுதியவர்கள் இந்தப் பெருமூச்சு விளக்கத்தையும் ஒரு ஊகமாக வைத்தார்கள். ஊகம்தான். செல்போனைக் கொடுத்தால்தான் வாயைத் திறந்து சாப்பிடும் குழந்தைகளின் காலத்தில் அதை ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஓட்டம் நுரையீரலைப் பெரிதாக்கும் என்று பள்ளி விளையாட்டு விழாவில் பேசுவது மட்டும் மிகை. நீச்சல்காரர்களைத் தவிர்த்தால், அந்த ஆதாயம் சிறியது.

ஓட விடாத பெற்றோர் பலர், தினசரி எடுக்க வேண்டிய மருந்தையும் கொடுப்பதில்லை. இந்தியாவில் ஒன்பது மையங்களில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், வீசிங் இருந்தவர்களில் 82 விழுக்காட்டினருக்கு ஆஸ்துமா என்று யாரும் சொல்லியிருக்கவே இல்லை. வீக்கத்தைத் தணிக்கும் இன்ஹேலரைத் தினமும் எடுத்தவர்கள் இரண்டரை விழுக்காட்டுக்கும் கீழே. பெண் பிள்ளையாக இருந்தால் "அந்தப் பேரைச் சீட்டில் எழுதாதீங்க டாக்டர், நாளைக்குக் கல்யாணம் பேசணும்" என்பார்கள். இன்ஹேலர் "பழக்கமாகிவிடும்" என்ற பயமும் உண்டு. ஆனால் சுருங்கிய குழாயை விரிக்கும் சால்புட்டமாலை ஒரு முறை உறிஞ்சினால் 100 மைக்ரோகிராம்தான். அதே மருந்தை மாத்திரையாகவோ சிரப்பாகவோ கொடுத்தால் 2 மில்லிகிராம், அதாவது இருபது மடங்கு, வயிற்றின் வழியாக உடல் முழுக்கச் சுற்றிவிட்டு நெஞ்சுக்கு வருகிறது. பயந்து ஒதுக்கியது சிறிய அளவை, பயமில்லாமல் விழுங்கவைத்தது பெரிய அளவை. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இளைக்கும்போது மட்டும் சால்புட்டமாலைக் கொடுத்து நிறுத்திக்கொள்ள வேண்டாம், வீக்கத்தைத் தணிக்கும் மருந்தும் சேர வேண்டும் என்று கினா என்னும் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு 2019-லேயே சொல்லிவிட்டது.

இதுவரை பேசியவை வீட்டுக்குள் இருப்பவை. ஒரு குடும்பம் நினைத்தால் மாற்றலாம். ஜி.எஸ்.டி. சாலையை எந்த அம்மாவும் மாற்ற முடியாது. பிள்ளையை ஸ்கூட்டரின் முன்னால் நிற்கவைத்துக்கொண்டு அதில் போகிறார், அவ்வளவுதான். இந்தச் சாலை அகன்று அகன்று எட்டு வழியாகிவிட்டது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின், தென்மாவட்டங்களுக்குப் போகும் அரசுப் பேருந்துகளின் புறப்பாடு நகரத்திலிருந்து இந்தப் பக்கம் நகர்ந்து வந்தது. சாலைக்கும் ரயில் பாதைக்கும் இருபுறமும் பள்ளிகள், டியூஷன் மாடிகள்.

சாலையோரம் வளர்வதால் என்ன ஆகும் என்பதைத் தெற்குக் கலிஃபோர்னியாவில் அளந்திருக்கிறார்கள். 1993-ல் தொடங்கி, பன்னிரண்டு ஊர்களில் பத்து வயதுப் பிள்ளைகளை ஆண்டுதோறும் ஊதவைத்து, பதினெட்டு வயது வரை தொடர்ந்தார்கள். நுண்துகள் மிகக் குறைந்த ஊரில், பதினெட்டில் குறைந்த திறனோடு நின்றவர்கள் 1.6 விழுக்காடு. மிக அதிகமான ஊரில் 7.9. நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் வளர்ந்தவர்களின் வளர்ச்சி, 1500 மீட்டருக்கு அப்பால் வளர்ந்தவர்களைவிடப் பின்தங்கியது. ஓசோன் மிகுந்த ஊர்களில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட விளையாட்டுகளில் ஈடுபட்ட பிள்ளைகளுக்கு ஆஸ்துமா மூன்று மடங்குக்கும் மேல் வந்தது என்பதும் இதே ஆய்வில்தான் தெரிந்தது. ஓட விடுங்கள் என்று மேலே எழுதினேன். எந்த நேரத்தில், எந்த மைதானத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெயில் உச்சியில் ஓசோன் கூடும். பேருந்துகள் வரிசைகட்டும் காலை எட்டு மணிக்குச் சாலையோரத் திடலில் புகை கூடும்.

பிறகு அங்கே சட்டங்கள் கடுமையாகின, டீசல் மாறியது, காற்று மெல்லத் தெளிந்தது. 2015-ல் வெளியான அடுத்த கட்டத்தில், ஒரே ஐந்து ஊர்களில் வெவ்வேறு காலத்தில் வளர்ந்த மூன்று தொகுதிப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். குறைந்த நுரையீரல் திறனோடு நின்றவர்கள் 7.9 விழுக்காட்டிலிருந்து 6.3 ஆகி, 3.6-க்கு இறங்கியிருந்தார்கள். பிள்ளைகளின் பழக்கத்தை யாரும் திருத்தவில்லை. ஊரின் காற்றைத் திருத்தியிருந்தார்கள்.

கூடுவாஞ்சேரியில் இதே கேள்வியைக் கேட்பது அப்படியொன்றும் கடினமல்ல. ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் சில பள்ளிகள், நெல்லிக்குப்பம் சாலையில் உள்ளே தள்ளிச் சில பள்ளிகள். ஐந்தாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே மாதத்தில், மழைக்காலச் சளி ஓய்ந்தபின் ஊதவைக்க வேண்டும். கூடவே நான்கு கேள்விகள்: தூங்கும் அறையில் சுருளா வலையா, சாம்பிராணி வாரத்துக்கு எத்தனை நாள், போன வாரம் மூச்சு வாங்க விளையாடியது எத்தனை நாள், மழைக்குப் பின் சுவரில் ஓதம் உண்டா. நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு ஊதுவது இயல்பு என்பதற்கு வெள்ளைக்காரப் பிள்ளைகளின் அட்டவணையைப் பார்க்க வேண்டியதில்லை. சென்னைக் காசநோய் ஆய்வு மையத்தின் வி.கே. விஜயனும் உடனிருந்தவர்களும் 7 முதல் 19 வயது வரையுள்ள தென்னிந்தியப் பிள்ளைகளை அளந்து 2000-லேயே வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். மருத்துவமனை, இன்னொரு பக்கம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி, இரண்டும் இதே சாலையில். ஊதுகருவி ஒரு கைப்பைக்குள் அடங்கும். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொண்ட பி.டி. பீரியடை ஒரு நாள் மட்டும் திருப்பிக் கேட்டால் ஒரு வகுப்பில் நாலைந்து பேரை முடித்துவிடலாம். எட்டு ஆண்டு பொறுக்க வேண்டும், அவ்வளவே.